கடை திறக்குமுன்: புனே நகரத்து உணவு வாணிகம் பற்றிய சில பழஞ்செய்திகள்

நம் சங்கத்து மகளிர் சிலர் ஒன்றுகூடி, உடல் நலத்திற்கு ஏற்ற உணவுகளைச் சமைத்துப் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கும் கடை ஒன்றை நம் காலனி வாயிலுக்கு எதிரே திறக்க எண்ணியிருப்பது, இம்மலரைப் படிக்கும் அன்பர் பலரும் அறிந்த செய்தியே. கேழ்வரகு இட்லி, கம்பங்கூழ், சாமைப் பொங்கல், வரகுத் தயிர்ச்சோறு, முளைகட்டிய பாசிப்பயற்றுச் சுண்டல் என்று பட்டியலும் எழுதியாயிற்று, இடமும் பார்த்தாயிற்று. இடத்திற்குரியவர் சொன்ன முன்பணத்தைக் கேட்டபோதுதான் சிறிது தயக்கம் பிறந்தது. அப்பணம் ஒருவருடைய பணமன்று. பல வீடுகளின் அஞ்சறைப் பெட்டியிலும் ஏலச்சீட்டிலும் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம். ஆகவே, “பழைய ஏடுகளைப் புரட்டுவதில் ஆர்வமுடையவர் நீங்கள், இவ்வூரில் இதற்கு முன் உணவுக் கடை வைத்தவர்கள் எதனை அறிந்து வைத்தார்கள், எப்படி நிலைத்தார்கள் என்று எழுதித் தாருங்கள்” என்று அவர்கள் நம்மைக் கேட்டனர்.

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நமக்கு வாணிகம் தெரியாது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. எனினும் பதிவேட்டில் வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதிப் பழகிய கை இது. அந்தப் பழக்கத்தைக் கொண்டு இதனை எழுதப் புகுந்தோம். வேறொரு காரணமும் உண்டு. நம் பழைய நண்பர் ஒருவர், விருப்ப ஓய்வில் கிடைத்த பணத்தை முழுவதும் இட்டு, சில ஆண்டுகளுக்கு முன் இந்நகரின் வேறொரு பகுதியில் இத்தகைய கடை ஒன்றைத் திறந்தார். ஓராண்டு நிறையுமுன் மூடினார். உணவில் குறை இல்லை. நாமே அங்குப் பலமுறை உண்டிருக்கிறோம். கடை இருந்த தெருவில் அலுவலகம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் மட்டுமே இருந்தது. பிள்ளைகள் கையில் பத்து ரூபாயோடு வந்தார்கள். சாமைச் சோற்றின் விலையோ எண்பது ரூபாய். இதனை அறிய ஒரு நாள் காலையில் அத்தெருவில் நின்று பார்த்திருந்தாலே போதும். அவர் நின்று பார்க்கவில்லை. நாமும் அவருக்குச் சொல்லவில்லை.

நின்று பார்த்து, கேட்டு, எண்ணி, எழுதி வைத்துப் பின்னரே முடிவு செய்யும் முறைக்கு இந்நகரம் புதிதன்று என்பதை முதலிற் சொல்ல வேண்டும். பூனா வேளாண்மைக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஹெரால்டு மான் என்னும் ஆங்கிலேயர், நகருக்கு அருகிலிருந்த பிம்ப்ளே சௌதாகர் என்னும் சிற்றூரில் வீடு வீடாக ஆராய்ந்து, யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு கடன், எவ்வளவு வரவு என்று கணக்கெடுத்து, 1917-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அந்தப் பிம்ப்ளே சௌதாகரில் இன்று வயல் இல்லை. அடுக்குமாடி வீடுகளும், அவற்றின் அடியில் வரிசையாக உணவுக் கடைகளுமே உள்ளன. மான் துரை இன்று வந்தால் கணக்கெடுக்க வேண்டியது நிலத்தையன்று, தோசைக்கல்லைத்தான்.

அவருக்குப் பின் வந்தவர் தனஞ்சயராவ் காட்கில். 1930-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள் ‘டெக்கான் குயீன்’ வண்டி பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அதே மாதத்தில் இந்நகரில் கோகலே அரசியல் பொருளியல் நிறுவனமும் தொடங்கப்பெற்றது. வண்டியைப் பற்றி அனைவரும் பேசுவர். நிறுவனத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. காட்கில் அதன் தலைமையை ஏற்று, 1933-இலேயே பூனாவில் பழங்கள் எவ்வாறு விற்பனையாகின்றன என்பதை ஆராய்ந்த நூலொன்றை வெளியிட்டார். தோட்டத்திலிருந்து புறப்படும் பழம் தரகர், மொத்த வணிகர், சில்லறை வணிகர் என்று எத்தனை கை மாறி வீட்டிற்கு வருகின்றது என்று பார்ப்பது, இன்று ‘மார்க்கெட் ரிசர்ச்’ என்று பெரும்பணம் கொடுத்துச் செய்விக்கும் வேலையே அன்றோ? பின்னர், 1936, 1937-ஆம் ஆண்டுகளில், நகரத்துக் குடும்பங்கள் பலவற்றை வீடு தோறும் சென்று விசாரித்து, அவற்றின் தொழில், வருவாய் முதலியவற்றைத் தொகுத்தனர். அது 1945-இலும் 1952-இலும் இரு பகுதிகளாக அச்சாயிற்று. ஒரு நகரம் எதனால் வாழ்கின்றது என்று அறிய விரும்பினால் அதன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பது இவர்கள் கொண்ட முறை.

மேல்நாட்டில் இத்துறைக்கு முன்னோடியாகச் சொல்லப்பெறுபவர் சார்லஸ் பார்லின் என்னும் அமெரிக்கர். பள்ளி ஆசிரியராக இருந்த அவரை, பிலடெல்பியா நகரத்துப் பத்திரிகை நிறுவனம் ஒன்று 1911-இல் இவ்வேலைக்கு அமர்த்தியது. தகர டப்பாவில் அடைத்த சூப் விற்ற காம்ப்பெல் நிறுவனத்தார், தம் பொருளை வாங்குவோர் உழைப்பாளர் அல்லர், செல்வர்தாம் என்று கருதி, உழைப்பாளர் படிக்கும் பத்திரிகையில் விளம்பரம் செய்ய விரும்பவில்லை. இல்லை, செல்வர் வீட்டில்தான் சமைப்பர், உழைப்பாளர் வீட்டில்தான் டப்பா வாங்குவர் என்பதும் ஒரு கட்சி. எதிரெதிரான ஊகங்கள் பல இருந்தன. பார்லின் யாரையும் கேட்கவில்லை. நகரின் பல பகுதிகளிலிருந்து குப்பையைக் கொண்டுவரச் செய்து, வெற்று டப்பாக்களை எண்ணினார் என்பது அத்துறையில் வழங்கிவரும் கதை. செல்வர் வீட்டுக் குப்பையில் டப்பா அரிது. அங்கே சமையற்காரர் இருந்தனர். உழைப்பாளர் வீட்டுக் குப்பையில்தான் டப்பா மிகுதி; அங்கே சூப் காய்ச்ச நேரம் இல்லை. வாயால் சொல்லும் விடை ஒன்றாகவும் குப்பைத்தொட்டி சொல்லும் விடை வேறாகவும் இருக்கும் என்பதை இதனால் அறியலாம். இச்செய்தியை நம் மகளிரிடம் சொன்னபோது அவர்கள் நகைத்தனர். அந்நகைப்பினால் விளைந்ததைப் பின்னர்ச் சொல்வோம்.

நிற்க. இந்நகருக்கு இருப்புப்பாதை 1858-இல் வந்தது. 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையும் சென்னைப் பாதையும் இணைந்தபின், சென்னையிலிருந்து வண்டியேறினால் பூனாவில் இறங்கலாம் என்ற நிலை பிறந்தது. படைத்துறை அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இருப்புப்பாதையிலும் வேலை தேடி நம்மவர் வந்தனர். ராஸ்தா பேட்டைப் பக்கம் இன்றும் தமிழ் காதில் விழுவதற்கு அதுவே தொடக்கம். வேற்றூருக்குத் தனியாக வந்தவன் முதலில் தேடுவது வீட்டையன்று, சோற்றை. மணமானவன் பின்னர்க் குடும்பத்தை அழைத்துக்கொள்வான். ஆகாதவன் மெஸ்ஸில் பெயர் எழுதிக்கொள்வான். மராத்தியர் அதனைக் கானாவள் என்பர். மாதம் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, இரு வேளையும் ஒரே வீட்டில் உண்ணும் ஏற்பாடு அது. அதில் ஒரு நுட்பம் உண்டு. நாளை எத்தனை பேர் உண்ண வருவர் என்பது நடத்துபவருக்கு இன்றே தெரியும். அரிசி மிஞ்சாது, குழம்பு கெடாது. இக்கால வணிக நூலார் பெரிதாகப் பேசும் கேள்விக்கு அங்கே விடை முன்னதாகவே கிடைத்துவிடுகின்றது.

பம்பாயின் டப்பாவாலாக்களை உலகம் முழுதும் அறியும். அவர்களுட் பெரும்பாலோர் நம் மாவட்டத்தவர் என்பதை நம் காலனியிற் சிலரே அறிவர். கேட், மாவள், ஜுன்னர், அம்பேகாவ் முதலிய வட்டங்களே அவர்தம் ஊர். 1890-இல் மகாதேவ் ஹவாஜி பச்சே என்பவர் சுமார் நூறு ஆட்களைக் கொண்டு அத்தொழிலைத் தொடங்கினார். அவர்கள் உணவு சமைக்கவில்லை. வீட்டில் சமைத்ததை அலுவலகத்தில் சேர்த்தனர். நண்பகலில் ஒருவன் எதனை உண்ண விரும்புகின்றான் என்ற கேள்விக்குத் தன் வீட்டுச் சமையலையே என்ற விடையின்மேல் நூறாண்டு கடந்தும் ஒரு தொழில் நின்றது. 2020-இல் கொரோனாத் தொற்றினால் அலுவலகங்கள் மூடியபோது அத்தொழில் பெரிதும் தளர்ந்தது. அப்போதும் உணவின்மேல் குறை சொன்னாரில்லை. உண்பவர் இருக்குமிடம் மாறிவிட்டது.

இனி, ‘ஹெல்த்’ என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது பேசுவோம். நம் மகளிர் கடைப் பெயரில் அச்சொல்லைச் சேர்க்க விரும்புவதால் இது முக்கியமாகின்றது. பர்குசன் கல்லூரிச் சாலையில் ‘வைசாலி’ என்னும் உணவகத்தை அறியாதவர் இந்நகரில் இல்லை. அதன் பழைய பெயர் ‘மதராஸ் ஹெல்த் ஹோம்’ என்பது இளையோர்க்குத் தெரியாது. அருகிலுள்ள ‘ரூபாலி’யின் பழைய பெயர் ‘கபே மதராஸ்’. இரண்டையும் வளர்த்துப் பெரும்புகழ் பெற்றவர் ஜகந்நாத் ஷெட்டி. தென்கன்னடப் பகுதியிலிருந்து இளமையில் இவ்வூருக்கு வந்தவர் அவர். கன்னட நாட்டவர் நடத்திய கடைக்கு ‘மதராஸ்’ என்று பெயர்! இட்லியும் தோசையும் சாம்பாரும் எங்கிருந்து வந்தாலும், வடக்கத்தியருக்கு அந்நாளில் அவையெல்லாம் மதராஸ்தான். பெயர்ப்பலகையில் அதனை எழுதினால் உள்ளே என்ன கிடைக்கும் என்று கேட்க வேண்டுவதில்லை. ‘ஹெல்த்’ என்பதும் அவ்வாறே. எண்ணெய் மிதக்காத, ஆவியில் வெந்த சைவ உணவு என்று அச்சொல் கல்லூரி மாணவனுக்குச் சொல்லியிருக்கும் என்பது நம் ஊகம்.

ஆனால் பின்னர் நடந்ததைக் கவனிக்க வேண்டும். ‘மதராஸ்’ போயிற்று; ‘ஹெல்த்’தும் போயிற்று. கடை நின்றது. இட்லி தோசையோடு, சேவ், உருளைக்கிழங்கு, தயிர், பூரி என்னும் நான்கின் முதலெழுத்துகளால் ‘எஸ்.பி.டி.பி.’ என்று அழைக்கப்பெறும் பண்டம் அக்கடையின் அடையாளமாயிற்று. அது மதராஸுமன்று, மருத்துவர் பரிந்துரைக்கும் பண்டமுமன்று. 1885-இல் தோன்றிய கல்லூரி ஒன்று பக்கத்தில் இருக்க, அதன் மாணவர் ஆண்டுதோறும் புதிதாக வந்து அமர்ந்து பேசினர். பழையவர் பிள்ளைகளோடு மீண்டும் வந்தனர். அக்கடை உணவோடு சேர்த்து விற்றது உட்காரும் இடத்தை. ஒரு காப்பியை வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசும் உரிமையை. 1935-இல் ஹுசேன் அலி யக்ஷி டெக்கான் ஜிம்கானாவில் தொடங்கிய ‘கபே குட்லக்’கிலும் பன்மஸ்காவோடு கிடைப்பது அதுவே. நம் மகளிர் இக்கடைகளை முன்மாதிரியாகச் சுட்டும்போதெல்லாம் நாம் சொல்வது ஒன்றுண்டு: பொட்டலக் கடையில் நாற்காலி இல்லை. ஆகையால் அவர்களுடைய வெற்றியில் சரிபாதி நமக்குப் பயன்படாது.

உடல் நலத்தையே முதலாக வைத்து உணவு கொடுத்த இடங்களும் இந்நகரில் உண்டு. புனே நிலையத்திற்கு அண்மையில், தாடிவாலா சாலையில், டாக்டர் தின்ஷா மேத்தா இயற்கை மருத்துவ நிலையம் ஒன்றை நடத்திவந்தார். 1944 முதல் காந்தியடிகள் பலமுறை அங்குத் தங்கியதுண்டு. அவ்விடம் இன்று ‘பாபு பவன்’ எனப்படுகின்றது. 1986 முதல் தேசிய இயற்கை மருத்துவ நிறுவனம் அங்கே நடைபெறுகின்றது. நம் பாதையிலேயே கிழக்கே சென்றால் உருளி நிலையம் வரும். அதனை அடுத்த உருளி காஞ்சன் சிற்றூருக்கு 1946 மார்ச்சு மாதம் காந்தியடிகள் வந்து சில நாள் தங்கி, ஏழை மக்களுக்கு இயற்கை மருத்துவம் செய்தார். அவர் சென்றபின் மணிபாய் தேசாய் என்னும் இளைஞர் அங்கேயே நிலைத்து அந்த ஆசிரமத்தை வளர்த்தார். வேகவைத்த காய், மோர், கீரை, பழம் என்று அங்கே கொடுக்கும் உணவை உண்டு பலர் நலமடைந்திருக்கின்றனர். ஆயினும், நோய் வந்தவன் அங்கே சென்று பத்து நாள் அவ்வுணவை உண்பான். ஊர் திரும்பினால் நிலையத்திலேயே வடாபாவ் வாங்குவான். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. மருந்தாக வரும் உணவுக்கு நோயுள்ளவரையே வாடிக்கை என்பதற்காகச் சொல்கின்றோம்.

வடாபாவ் என்றோம். 1966-இல் பம்பாய் தாதர் நிலையத்திற்கு வெளியே அசோக் வைத்தியா என்பவர் அதனை விற்கத் தொடங்கினார் என்பர். வண்டியைப் பிடிக்க ஓடுபவனுக்கு ஒரு கை பையைப் பற்றியிருக்கும். மறு கை ஒன்றே மீதி. இலை வேண்டாம், கரண்டி வேண்டாம், கை கழுவ நீரும் வேண்டாம். அப்பண்டத்தின் நலக்கேட்டை நாம் அறிவோம். ஆனால் அதனைப் படைத்தவர் உண்பவனின் கைகளை நன்றாக அறிந்திருந்தார். நம் பட்டியலில் இருக்கும் வரகுத் தயிர்ச்சோற்றை நின்றுகொண்டு உண்ண முடியுமா என்று யாரும் இதுவரை கேட்கவில்லை. விலையிலும் அத்தகைய போட்டி உண்டு. 2023-இல் இருப்புப்பாதை நிர்வாகம், முன்பதிவில்லாப் பெட்டிகள் வந்து நிற்கும் இடத்திற்கு நேரே நடைமேடையில், ஏழு பூரியும் உருளைக்கிழங்கும் ஊறுகாயும் கொண்ட பொட்டலத்தை 20 ரூபாய்க்கு விற்க ஏற்பாடு செய்தது. பசித்தவன் முதலில் பார்ப்பது அந்த விலையைத்தான்.

இப்போது நாம் மிகவும் மதிக்கும் ஒரு கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரே அழகானது: ‘கஷ்டாசீ பாகர்’. உழைப்பின் ரொட்டி என்று சொல்லலாம். பூனாவின் நானா பேட்டையில் ஆயுர்வேத மருத்துவம் பார்த்துவந்த டாக்டர் பாபா ஆடவ், தம்மிடம் வரும் மூட்டை தூக்குவோரின் முதுகையும் மூட்டுகளையும் பார்த்துப் பார்த்து, இந்நோய்க்கு மருந்து புட்டியில் இல்லை என்று கண்டு, 1950-களின் நடுவில் அவர்களைத் திரட்டி ஹமால் பஞ்சாயத்து என்னும் சங்கத்தை அமைத்தார். நூறு கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிய காலம் அது. இத்தகையோரின் நெடுநாட் போராட்டத்தின் பயனாகவே 1969-இல் மராட்டிய மாநிலத்தில் சுமை தூக்குவோருக்கெனத் தனிச்சட்டம் பிறந்தது. அச்சங்கமே 1974-இல் இவ்வுணவுக் கடையைத் தொடங்கியது.

அங்கே கிடைப்பது சோள ரொட்டியும், கடலைமாவைத் தாளித்துக் கிண்டிய ஜுண்காவும், பயற்றுக் குழம்பும், சோறும் போன்ற எளிய உணவு. இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்பது விலைக்கு விதி. சுமை தூக்குவோருக்கென்று தொடங்கியதை, பின்னர் ரிக்‌ஷா ஓட்டுவோரும் மாணவரும் சிறு வேலை செய்வோரும் நாடி வந்தனர். வாங்கிக்கொண்டு போவோரும் உண்டு. சத்து என்று பார்த்தால் நம் மகளிரின் பட்டியலுக்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று: தவிடு நீக்காத சோளம், பருப்பு, பச்சை மிளகாய், வெங்காயம். ஆனால் அக்கடை நிலைத்தமைக்கு அதனினும் பெரிய காரணம் ஒன்று நமக்குப் புலப்படுகின்றது. உண்பவர் யார், எப்போது பசிக்கும், எத்தனை ரொட்டி தின்றால் அடுத்த மூட்டையைத் தூக்கலாம், பையில் எவ்வளவு இருக்கும் என்பதை யாரிடமும் சென்று கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. கடை வைத்த சங்கமும் உண்ட வாயும் ஒன்றே.

இதனோடு வேறொன்றை ஒப்பிடுக. 1995-இல் மாநிலத்தில் புதிதாக அமைந்த அரசு, ஒரு ரூபாய்க்கு ஜுண்கா பாகர் என்று அறிவித்து ஊர்தோறும் கடைகள் வைக்க இடம் கொடுத்தது. அதே ரொட்டி, அதே ஜுண்கா. விலையோ தலைமைச் செயலகத்தில் முடிவானது. மானியம் நின்றபோது திட்டமும் நின்றது. அவ்விடங்கள் பலவற்றில் தேநீரும் பொரித்த பண்டங்களும் வேறு உணவுகளும் விற்கலாயின. 2020 சனவரி 26-இல் வந்த ‘சிவ போஜன்’ திட்டத்திலும் பத்து ரூபாய்த் தட்டிற்கு நகரங்களில் அரசு நாற்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்தது. நம் தாய்நாட்டில் 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லியும் இவ்வகையே. ஏழைகள் வயிறார உண்டனர். அதனை யார் குறை சொல்ல வல்லார்? எனினும் அவ்விலையைக் கண்டு நம் கடை விலையைத் தீர்மானித்தல் ஆகாது. அங்கே மீதியைச் செலுத்த அரசு உண்டு. இங்கே மீதியைச் செலுத்தப் போவது அஞ்சறைப் பெட்டி.

மகளிர் நடத்தியது என்ற முறையில் பம்பாயின் ‘அன்னபூர்ணா மகிளா மண்டலை’யும் சொல்லாமல் விடலாகாது. ஆலைத் தொழிலாளர்க்குத் தம் வீட்டிலேயே சமைத்துப் போட்டுவந்த ஏழைப் பெண்கள், மளிகைக்காரரிடமும் வட்டிக்காரரிடமும் கடன்பட்டு வருந்தியதைக் கண்டு, பிரேமா புரவ் என்னும் அம்மையார் 1975-இல் அவர்களை ஒன்றுசேர்த்து வங்கிக் கடன் பெற வழி செய்தார். அப்பெண்களுக்குத் தனிக்கடை இல்லை; அடுப்பே கடை. நன்றாகவே நடந்தது. 1982 சனவரியில் ஆலைகளில் பெருவேலைநிறுத்தம் தொடங்கி, முடிவின்றி நீண்டது. உண்பவர்கள் ஊர் திரும்பினர். ஒரே வகை வாடிக்கையாளரை நம்பிய அடுப்புகளுக்குப் பெருந்துன்பம். 2020-இல் நம் ஊரின் சதாசிவ பேட்டையிலும் நாராயண பேட்டையிலும், தேர்வுக்குப் படிக்க வந்த மாணவரை நம்பிய மெஸ்களுக்கு நேர்ந்ததும் இதுவே.

இவ்வளவும் எழுதி மகளிரிடம் படித்துக் காட்டினோம். அவர்கள் வீணே கேட்டுவிட்டுப் போகவில்லை. மூன்று நாள் காலையும் மாலையும் இருவர் இருவராகக் காலனி வாயிலில் நின்று, யார் வெளியே போகின்றார், கையில் டப்பா உண்டா, எங்கே நின்று என்ன வாங்குகின்றார் என்று குறித்தனர். முதலில் நாணம்; மூன்றாம் நாள் அவர்களே நமக்குப் பாடம் சொன்னார்கள். தமிழ்க் குடும்பத்தார் பெரும்பாலும் டப்பாவோடுதான் போகின்றனர். நம் வீட்டில் இட்லி மாவு இல்லாத நாள் உண்டா? வெளியே வாங்குபவர் எதிர்ப்புறக் கட்டடத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும், பல மாநிலத்து இளைஞரும் இளம்பெண்களும். பெரும்பாலும் வாங்குவது காலை ஏழரைக்கு முன்னும் இரவு எட்டுக்குப் பின்னும். நண்பகலில் கடை திறந்து வைப்பதில் பயன் காணோம். சித்தளே சகோதரர் இனிப்புக் கடை 2017 வரை நண்பகல் ஒன்று முதல் நான்கு வரை மூடியே இருந்ததைப் பற்றி இந்நகரத்தார் வழங்கும் நகைச்சுவைக்கு அளவில்லை. நம் கடைக்கு மட்டும் அது அறிவுடைய ஏற்பாடாக இருக்கும் போலும்.

பார்லினின் குப்பைக் கதையைக் கேட்டு நகைத்த அம்மையாரே, நம் காலனிக்கும் எதிர்க் கட்டடத்திற்கும் குப்பை எடுக்க வரும் மராத்தி அம்மையாரைத் திண்ணையில் அமர்த்தித் தேநீர் கொடுத்துக் கேட்டார். எதிர்க் கட்டடத்துப் பைகளில் சோறு அப்படியே திரும்பி வருகின்றது, ரொட்டி மிஞ்சுவதில்லை என்றார் அவர். பார்சலில் வரும் சோறு ஒருவருக்கு மிகுதி, பாதியை எறிகின்றனர். அளவைக் குறைத்து விலையையும் குறைக்க வேண்டும் என்பது நம்மில் எவர்க்கும் தோன்றாத செய்தி. 2018-இல் மாநில அரசு மெல்லிய பிளாஸ்டிக் பைகளையும் டப்பாக்களையும் தடை செய்தபின் எதில் கட்டிக் கொடுப்பது என்ற கேள்விக்கும் அவரே வழி சொன்னார்: எவர்சில்வர் டப்பாவில் கொடுத்து மறுநாள் திரும்பப் பெறுங்கள், எனக்கும் வேலை குறையும் என்று.

இவற்றினும் வியப்பான செய்தி கம்பிலிருந்து வந்தது. கேழ்வரகில் நூறு கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, அரிசியில் பத்து அளவே என்று அட்டையில் அழகாக எழுதி, அதன் கீழே ‘கோடைக்கு ஏற்ற கம்பங்கூழ்’ என்றும் எழுதி, அடுத்த வீட்டு மராத்தி மூதாட்டியிடம் காட்டினர். அவர் கேழ்வரகைப் பார்த்துத் தலையசைத்தார். ‘நாச்ணி’ அவருக்கும் பழக்கம். கம்பைப் பார்த்ததும், “சித்திரை வெயிலில் பாஜ்ரியா? உடம்பு கொதித்துவிடாதா?” என்று கேட்டார். நமக்குக் கம்பு குளிர்ச்சி. வெயில் காலத்தில் மோர் விட்டுக் கரைத்துக் குடிப்போம். இவர்களுக்கோ அது சூடு. குளிர்காலத்தில் வெண்ணெயும் வெல்லமும் சேர்த்து ரொட்டியாக உண்பர். சங்கராந்திக்கு முதல் நாளாகிய போகியன்று எள் தூவிய கம்பு ரொட்டியும் பல காய்களைச் சேர்த்த கறியும் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஒரே தானியம், ஒரே போகிப் பண்டிகை. குணம் மட்டும் பீமா நதிக்கு இப்பால் மாறிவிடுகின்றது! ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டென்று அறிவித்தது. அந்த அறிவிப்பை நம்பி, சித்திரை மாதத்தில் இவ்வூரில் கம்பங்கூழ் விற்கத் தொடங்கியிருந்தால் பானை பானையாக மிஞ்சியிருக்கும்.

பட்டியல் இப்போது திருத்தப்பட்டிருக்கின்றது. கம்பு மார்கழிக்குத் தள்ளப்பட்டது; கூழாக அன்று, எள் தூவிய அடையாக. தயிர்ச்சோறு சிறு டப்பாவில். சோளத்தை நம்மவர் சமையலில் எவ்வாறு சேர்ப்பது என்று மூதாட்டியே சொல்லித் தருவதாக ஏற்றிருக்கின்றார். ‘ஹெல்த்’ என்னும் சொல்லைப் பெயரில் வைப்பதா வேண்டாமா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அதில் நாம் தலையிடுவதில்லை. கடைக்கு முன், எதிர்க் கட்டடத்து இளைஞருள் விருப்பமுள்ளவரிடம் மாதப் பணம் பெற்று, பழைய கானாவள் முறைப்படி, தத்தம் வீட்டு அடுப்பிலேயே மூன்று மாதம் சமைத்துக் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வதற்கான விண்ணப்பத்தை நாம் எழுதிக் கொடுத்தோம். இம்மலர் அச்சேறும் இந்நாள்வரை இடத்திற்கான முன்பணம் கொடுக்கப்படவில்லை. எவர்சில்வர் டப்பாக்கள் இருபது மட்டும் வாங்கப்பட்டுள்ளன.